ஷோகேஸுக்கும் பத்திரிகைப் படப்பிடிப்புக்கும் கையால் தீட்டும் பின்னணித் திரை: ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் வயதான ஓவியர்களிடம் 'சீன்' என்று சொன்னால் அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது நாடகத் திரைதான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய ஊர் இது. தர்பார் சீன், தெருச் சீன், காட்டுச் சீன் என்று துணியில் தீட்டப்பட்ட திரைகள் இல்லாமல் அன்று நாடகம் இல்லை. கோவில்பட்டியில் இருந்துகொண்டு நாட்காட்டிப் படங்களால் தமிழ்நாடு முழுவதும் அறியப்பட்ட கொண்டையராஜுவும் நாடகக் கம்பெனிக்குத் திரை தீட்டியவரே. பிறகு அந்தக் கைத்திறன் போட்டோ ஸ்டூடியோக்களின் மாடிப்படியும் பூந்தோட்டமும் வரைந்த படுதாக்களுக்குப் போயிற்று. ஃபிளெக்ஸ் வந்தபின் பெரும்பாலும் நின்றுபோன இந்த வேலையை இப்போது துணிக்கடைகளும் நகைக்கடைகளும் பத்திரிகைகளின் படப்பிடிப்புக் குழுக்களும் மறுபடி கேட்கின்றன. ஃபிளெக்ஸின் பளபளப்பு விளக்கு வெளிச்சத்தைத் திருப்பி அடித்துப் படத்தில் வெள்ளைத் திட்டாக விழும். சாயம் உறிஞ்சிய துணியோ வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு அமைதியாக நிற்கும்.

தூரிகை பிடிக்கவும் வண்ணம் கலக்கவும் ஓரளவு தெரிந்தவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக இரண்டு வேலைகளைத் தொடர்ந்து பார்ப்போம்: ஒன்று, 10 அடி அகலமும் 8 அடி உயரமும் 3 அடி ஆழமும் உள்ள ஒரு சுங்குடிக் கடையின் ஷோகேஸ்; மற்றொன்று, பத்திரிகையின் அட்டைப்படத்துக்கு 9 அடி அகலம், 12 அடி உயரத்தில் தொங்கும் ஒரு திரை.

முதலில் என் தோல்வி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விளக்குத்தூண் பக்கம் ஒரு கடைக்குத் தெற்குக் கோபுரத்தை அதன் சுதை உருவங்களோடு பத்து நாள் தீட்டி மாட்டினேன். கடையில் வேலை பார்த்த பெண் வெளியே போய் நின்று பார்த்துவிட்டு, "அண்ணே, கோபுரம் நல்லாத்தான் இருக்கு, சேலையத்தான் காணோம்" என்றார். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தச் சேலையை எப்படிக் காணச் செய்வது என்பதைப் பற்றியதுதான்.

அளவும் வெளிச்சமும்

அளவுநாடாவை எடுக்கும் முன்பே கடைக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: திரைக்கு முன்னால் என்ன வைக்கப் போகிறீர்கள், அது எத்தனை நாள் இருக்கும்? ஆடித் தள்ளுபடிக்கு ஒரு மாதம் நிற்கும் திரைக்கும், தை முகூர்த்தம் தொடங்கிச் சித்திரைத் திருவிழா வரை நிற்க வேண்டிய திரைக்கும் வண்ணத் தேர்வே வேறு. மேற்குப் பார்த்த கண்ணாடியில் மாலை வெயில் நேராக விழும். அங்கே ஒளிரும் வகை ரோஸும் ஆரஞ்சும் சில வாரங்களிலேயே வெளிறத் தொடங்கிவிடும். காவி, மஞ்சள் காவி போன்ற மண் நிறங்கள் வெயிலை நெடுநாள் தாங்கும்.

அடுத்து விளக்கு. கடையின் ஷோகேஸில் எரியும் எல்.இ.டி.யின் பெட்டியைக் கேட்டு வாங்கி அதில் கெல்வின் எண்ணைப் பாருங்கள். 3000 என்றால் மஞ்சள் சாய்ந்த வெளிச்சம். 6500 என்றால் நீலம் சாய்ந்த வெள்ளை. சி.ஆர்.ஐ. (நிறங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு) என்ற எண்ணும் இருந்தால் 90-க்கு மேல் இருப்பது நல்லது. அது குறையக் குறையச் சிவப்புகள் உயிரிழக்கும். ஒரு வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து நிற்பது இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது. ஆகவே திரை எந்த வெளிச்சத்தில் நிற்கப் போகிறதோ அதே வகை விளக்கைப் பட்டறையிலும் மாட்டிக்கொண்டுதான் வண்ணம் கலக்க வேண்டும். படப்பிடிப்பானால் ஃபிளாஷ் வெளிச்சம் ஏறத்தாழ 5500 கெல்வின் என்பதால் பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத இடத்தில் கலந்தால் போதும்.

ஷோகேஸ் கண்ணாடிக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே இருப்பது தெருவைவிட இருட்டாக இருந்தால் அது முகம் பார்க்கும் கண்ணாடியாக மாறி, எதிர்க்கடையையும் போகிற ஆட்டோவையும் காட்டும். கரும்பச்சையும் கருநீலமும் பட்டறையில் அழகாக இருக்கும், நண்பகலில் மாசி வீதியில் ஒன்றும் தெரியாது. பகல் வியாபாரம் அதிகமுள்ள கடைக்கு நடுத்தர அடர்த்திக்கு மேல் போகாதிருப்பதும், திரையின் மீது விழும் விளக்கைக் கூட்டச் சொல்வதும் நல்லது.

இதையெல்லாம் குறித்துக்கொண்ட பிறகு அளவெடுங்கள். அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்தால் மூன்றும் ஒன்றாக இருக்காது. மிகக் குறைந்த அளவை எடுத்துக்கொண்டு, மடிப்புக்கும் கம்பு நுழைக்கும் பைக்கும் மேலும் கீழும் ஆறு அங்குலம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கண்மட்டம்: படம் வரையும் முன் போட வேண்டிய ஒரே கோடு

தரையும் தூணும் மலையும் வரும் எந்தத் திரையிலும் அடிவானக் கோடு பார்ப்பவரின் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். நம் சுங்குடிக் கடையில் நடந்து போகிறவரின் கண் தெருவிலிருந்து ஏறத்தாழ 5 அடி உயரத்தில் இருக்கிறது. ஷோகேஸின் மேடை தெருவிலிருந்து ஒன்றரை அடி உயரம். ஆகவே மேடையிலிருந்து மூன்றரை அடியில் அடிவானக் கோடு வர வேண்டும். படப்பிடிப்பில் கண் என்பது லென்ஸ்தான். ஒருமுறை நான் நின்று பார்க்கும் உயரத்தில் கோட்டைப் போட்டுத் தளவரிசை தீட்டிக் கொடுத்தேன். புகைப்படக்காரர் முழு உருவம் வேண்டும் என்பதற்காக முழங்காலிட்டு, தரையிலிருந்து மூன்றடியில் கேமராவை வைத்தார். படத்தில் என் தளம் முன்னால் நின்ற மாடல் பெண்ணின் மேல் சரிந்து கொட்டுவதுபோல் நின்றது. அன்று முதல் லென்ஸின் உயரத்தை எழுத்தில் வாங்காமல் தளம் தீட்டுவதில்லை.

ஆழத்தைப் பற்றியும் ஒரு முடிவெடுக்க வேண்டும். நாடகத்தின் தெருச் சீனில் இருபுறமும் வீடுகள் குறுகிக்கொண்டே போய் ஒரு புள்ளியில் சேரும். அதை எதிரே உட்கார்ந்திருப்பவர் மட்டுமே பார்க்கிறார். ஷோகேஸைப் பார்ப்பவரோ இடமிருந்து வலமாக நடந்துகொண்டே பார்க்கிறார். அவர் நகர நகர ஆழமான கோடுகள் கோணலாகத் தெரியும். ஆகவே கடைக்கு நேர்முகமான, தட்டையான அமைப்பே பொருந்தும்: வரிசையாக வளைவுகள், நடுவில் வெறும் சுவர், தூரத்தில் மலை. ஆழத்தைக் கோட்டால் காட்டாமல் நிறத்தின் மங்கலால் காட்ட வேண்டும். கேமராவுக்கு ஒரே ஒரு கண், அதுவும் நகராத கண். ஆழமான சீன் தீட்டும் ஆசையைப் பத்திரிகைத் திரையில் தீர்த்துக்கொள்ளலாம்.

பத்திரிகைக்கு அளவின் விகிதமும் கவனிக்கப்பட வேண்டும். ஏ4 பக்கம் 21-க்கு 29.7 செ.மீ.; அதாவது அகலத்தைப்போல் ஏறத்தாழ 1.4 பங்கு உயரம். அட்டைப்படமானால் மேல் ஐந்தில் ஒரு பங்கில் பத்திரிகையின் பெயர் வரும். அங்கே கொடிவளைவையும் கலசத்தையும் தீட்டினால் எழுத்துக்கடியில் போய்விடும். இரு பக்கம் விரியும் படமானால் நடு மடிப்பில் முக்கியமான எதையும் வைக்கக் கூடாது.

எதற்கு முன்னால் எதை வைப்பது

சுங்குடி என்றாலே புள்ளிகள். அதன் பின்னால் செதுக்கல் நிறைந்த தூணை வைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று சண்டையிடும். முன்னால் சிறு வேலைப்பாடு இருந்தால் பின்னால் பெரிய வெற்றுப் பரப்புகள் வர வேண்டும். முன்னால் ஒற்றை நிறப் பட்டு இருந்தால் பின்னால் சற்றே அலங்காரம் வரலாம். நம் கடைக்கு யானைமலையைத் தேர்ந்தெடுத்தேன். மதுரையிலிருந்து பார்த்தால் படுத்திருக்கும் யானைபோல நீண்டு கிடக்கும் அந்தப் பாறை ஒரே கோட்டில் முடிந்துவிடுகிறது. பார்த்தவுடன் ஊர் தெரிகிறது. அதற்குமேல் அது எதையும் கேட்பதில்லை.

தங்க நகைக்கு மங்கிய பச்சையோ மெரூனோ பொருந்தும். மதுரை மல்லிக்கு வெள்ளையைத் தூக்கிக் காட்டும் சாம்பல் கலந்த பச்சை வேண்டும். பித்தளை, வெள்ளிப் பாத்திரங்களில் பலர் தவறு செய்கிறார்கள்: பளபளக்கும் உலோகம் தனக்குப் பின்னால் இருப்பதைக் காட்டுவதில்லை, முன்னால் இருக்கும் தெருவையே காட்டுகிறது. அங்கே திரையின் வேலை பாத்திரத்தின் விளிம்பைத் தெளிவாக எடுத்துக்காட்டுவது மட்டுமே. ஒரே நிறத்தில் மேலிருந்து கீழாக மெல்ல அடர்ந்து வரும் திரை அதற்குப் போதும்.

நாயக்கர் மகாலின் வளைவுகளை எல்லோரும் கேட்பார்கள். 1636-இல் கட்டப்பட்ட அந்த மாளிகையைத் தபால் அட்டையைப் பார்த்து வரையாமல், காலை வெளிச்சத்தில் நேரில் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். தூணின் ஒளிபடும் பக்கம், நிழல் பக்கம், அந்த நிழலுக்குள்ளேயே தரையிலிருந்து எதிரொளித்து வரும் மெல்லிய வெளிச்சம் ஆகிய மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகினால், சுதை வேலையில் பத்தில் ஒன்றைத் தீட்டினாலே மகால் வந்துவிடும்.

துணி

வெளுக்காத காடாத் துணியே இந்த வேலைக்கு ஏற்றது. நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித் துளைகளாகத் தெரியக் கூடாது. கிடைக்கிற பன்னா, அதாவது நெய்த துணியின் அகலம், போதாவிட்டால் ஒட்டுத் தையல் போட வேண்டும். அந்தத் தையல் எப்போதும் படுக்கைவாட்டில் வரட்டும். தொங்கும்போது துணியின் கனம் கீழ்நோக்கி இழுத்துப் படுக்கைத் தையலைத் தட்டையாக்கிவிடும். செங்குத்துத் தையலோ சுருங்கி நின்று, பக்கத்திலிருந்து விளக்கு விழும்போது கயிறுபோலத் தெரியும்.

துணியைச் சட்டத்தில் அறையும்போது நான்கு பக்கத்தின் நடுவிலிருந்து தொடங்கி மூலைகளை நோக்கிப் போக வேண்டும். பறைத்தோல்போல் இறுக்க வேண்டியதில்லை. முதல் பூச்சின் ஈரத்தில் துணி தானாகவே சுருங்கி இறுகிவிடும். முன்பே இறுக்கி அறைந்தால் சட்டமே வளைந்துவிடும்.

முதல் பூச்சுக்குப் பழைய ஓவியர்கள் வச்சிரம் என்னும் விலங்குத் தோல் பசையைக் காய்ச்சிச் சுண்ணாம்பு மாவோ ஜிங்க் வெள்ளையோ கலந்தார்கள். அதன் மங்கலான மேற்பரப்புக்கு இன்றும் ஈடில்லை. ஆனால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், மடித்தால் உதிரும். இன்றைய வழி எளிது: ஒட்டுப் பசையை நான்கு மடங்கு தண்ணீரில் கரைத்து ஒரு கை (ஒரு பூச்சு) பூசி, காய்ந்தபின் வெள்ளை எமல்ஷனில் நன்றாகச் சலித்த சாக்பீஸ் பொடியைக் கொஞ்சம் சேர்த்து இரண்டு கை, ஒன்று குறுக்காகவும் மற்றொன்று நெடுக்காகவும் பூச வேண்டும். பொடியைக் கலக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். பொடி அதிகமானால் சுருட்டும்போது வெடிக்கும். நம் 80 சதுர அடிக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர் எமல்ஷன் பிடிக்கும். சுவரைவிடத் துணி அதிகம் குடிக்கும்.

கட்டம் போடுதல்

ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் சிறுபடத்தை முதலில் முழு வண்ணத்தில் தீட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். நம் ஷோகேஸுக்கு அது 10 அங்குலத்துக்கு 8 அங்குலம். அதன்மேல் அங்குலக் கட்டமும் துணிமேல் அடிக் கட்டமும் போட்டால் 80 கட்டங்கள். துணியில் கோடு போட இருவர் வேண்டும்: கரித்தூள் தடவிய நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கி விட்டால் நேர்கோடு விழும். கொத்தனார் நூலடிப்பதும் இதே முறைதான்.

வரைய, புளியங்குச்சியைக் காற்றுப் புகாமல் சுட்டு எடுத்த கரியைவிட நல்லது இல்லை. துணியால் தட்டினால் போய்விடும். மார்க்கர் பேனாவால் வரைந்தால் எத்தனை கை எமல்ஷன் பூசினாலும் அது மேலே ஊறி வரும். வளைவோ கொடியோ திரும்பத் திரும்ப வருமானால், ஒன்றைத் தடித்த காகிதத்தில் வரைந்து கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டு, துணிப் பொட்டலத்தில் கட்டிய கரித்தூளால் அதன்மேல் தட்டுங்கள்; எல்லா வளைவும் ஒரே அச்சாக வரும்.

வண்ணம் கலப்பது

மேட் (பளபளப்பில்லாத) எமல்ஷனும், அதில் நிறம் சேர்க்கும் ஸ்டெய்னரும் போதும். ஸ்டெய்னரை அளவுக்கு மீறி ஊற்றினால் பூச்சு காயாமல் பிசுபிசுக்கும். அடர்ந்த நிறம் வேண்டுமானால் அக்ரிலிக் வண்ணத்தைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள். எமல்ஷன் காய்ந்தால் சற்றே அடர்ந்துவிடும், வச்சிரத்தில் கலந்த வண்ணம் காய்ந்தால் நன்றாக வெளிறிவிடும். ஈரத்தில் பார்த்து முடிவெடுக்காமல், அதே துணியின் துண்டில் பூசிக் காயவைத்து எண்ணிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நிறத்தையும் தேவைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக ஒரே முறையில் கலந்து மூடி வையுங்கள். பாதியில் தீர்ந்துபோன வானத்தை மறுபடி அதே நிறத்தில் கலக்க முடிந்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அச்சுக்குப் போகும் திரையில் இன்னொரு கட்டுப்பாடு உண்டு. நான்கு வண்ண அச்சில் பளிச்சென்ற நீலமும் கிளிப்பச்சையும் ஆரஞ்சும் மங்கிப்போகும். திரையில் அவற்றை நம்பி அமைத்த அழகு காகிதத்தில் வராது.

தீட்டுதல்

தூரத்திலிருந்து அண்மைக்கு வர வேண்டும்: வானம், மலை, மரம், தூண், கடைசியாகத் தரை.

வானத்துக்கு மூன்று வாளிகள். மேலே சற்று அடர்ந்த நீலம், நடுவில் அதோடு வெள்ளை, அடிவானத்தில் மஞ்சள் காவி ஒரு துளி கலந்த வெளிறிய வெள்ளை. மதுரையின் கோடை வானம் அடிவானத்தில் நீலமாக இருப்பதில்லை, தூசி கலந்து பால்போல இருக்கும். நான்கு அங்குலத் தட்டைத் தூரிகையால் மூன்று பட்டைகளையும் பூசி, ஈரம் இருக்கும்போதே எல்லைகளில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து ஒன்றோடொன்று கரைக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் வண்ணம் தூரிகையிலேயே காய்ந்துவிடும் என்பதால், காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் வானத்தை முடித்துவிடுங்கள். துணியின் பின்புறம் தண்ணீரைப் புகைபோல் தெளித்துக்கொண்டால் இன்னும் சற்று நேரம் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இதற்கு நேரெதிர்: ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவே ஒரு நாள்கூடக் காத்திருக்க நேரும்.

யானைமலைக்கு அதன் உண்மையான நிறத்தை, அதாவது செம்மை படர்ந்த சாம்பலை முதலில் கலந்துகொண்டு, அதில் பாதிக்குப் பாதி வான நிறத்தைச் சேருங்கள். மலையின் விளிம்பை ஈரத் துணியால் ஒற்றிச் சற்று மழுக்க வேண்டும். கூர்மையான விளிம்பு கண்ணை இழுக்கும், நமக்கோ கண் சேலைக்குப் போக வேண்டும். பாறையின் பிளவுகளை உலர்ந்த தூரிகையால் இழுத்தால் போதும்; ஒவ்வொன்றையும் வரைய ஆரம்பித்தால் என் கோபுரத்தின் கதைதான்.

நிழலுக்குக் கறுப்பைத் தொடாதீர்கள். வெள்ளைத் தூணின் நிழலுக்கு நீலமும் காவியும் கலந்த சாம்பல். மஞ்சள் சுவரின் நிழலுக்கு ஊதா ஒரு துளி. கறுப்பு கலந்த நிழல் கேமராவில் அழுக்குப்போல் விழும். நிழல் விழும் திசையும் கடையின் விளக்கோடு ஒத்துப்போக வேண்டும். ஷோகேஸில் வெளிச்சம் மேலிருந்தும் முன்னிருந்தும் வருகிறது; பொம்மையின் நிழல் ஒரு பக்கமும் தீட்டிய தூணின் நிழல் மறு பக்கமும் விழுந்தால், ஏனென்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு உறுத்தும்.

அட்டைப்படத் திரையில் எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்பதைப் புகைப்படக்காரரின் அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பளவு, தீர்மானிக்கிறது; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது. எஃப்/2.8-இல், ஆள் திரைக்கு ஆறடி முன்னால் நின்றால் உங்கள் இலைகளும் கொடிகளும் புகையாகக் கரைந்துவிடும். அங்கே பெரிய நிறத்திட்டுகள் போதும். எஃப்/8-இல் சேலையின் நெசவு தெரிய எடுப்பார்களானால் திரையின் தூரிகைத் தடமும் தெரியும். உருவப்படங்களுக்கு மேகம்போன்ற திரையே பெரும்பாலும் கேட்கப்படுகிறது: அடுத்தடுத்த மூன்று அடர்த்திகளைக் கசக்கிய துணியாலும் ஸ்பாஞ்சாலும் ஒற்றி, நடுவில் முகம் வரும் இடத்தைச் சற்று வெளிச்சமாகவும் மூலைகளை அடர்த்தியாகவும் விட வேண்டும்.

சோதனை

திரை முடிந்தது என்று தோன்றும்போது கடையிலிருந்து ஒரு சேலையைக் கேட்டு வாங்கி, பொம்மைக்குக் கட்டி முன்னால் நிறுத்துங்கள். கைப்பேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சேலையும் திரையும் ஒரே சாம்பலாகக் கலந்துபோனால், நிறங்கள் எவ்வளவு வேறுபட்டாலும் தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து சேலை தெரியாது. பெரும்பாலும் திரையைத்தான் ஒரு படி வெளிறச் செய்ய வேண்டியிருக்கும்: வெள்ளையை ஏழு, எட்டு மடங்கு தண்ணீரில் கரைத்து முழுத் திரையிலும் மெல்லிய பூச்சாக இழுத்தால் எல்லாம் ஒரு சேரப் பின்வாங்கும். பத்து நாள் உழைப்பின்மேல் வெள்ளைத் தண்ணீரை ஊற்ற மனம் வராது, ஊற்றத்தான் வேண்டும். அந்தக் கோபுரத் திரையை அவிழ்த்துக் கொண்டுவந்து நானும் அதைத்தான் செய்தேன்.

மாட்டுவதும் வைத்துக்கொள்வதும்

மேல் பையில் நேரான அலுமினியக் குழாயும் கீழ்ப் பையில் கனமான இரும்புக் குழாயும் நுழைத்துத் தொங்கவிட்டால் சுருக்கம் விழாது. கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே பொருளுக்கு வேண்டிய ஆழத்தை விட்டு, திரைக்கும் சுவருக்கும் இடையிலும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். சுவரின் ஓதம் துணியில் ஏறாது. சூடேறும் ஆலசன் விளக்குகள் இன்னும் எரியும் கடைகளில் அவற்றைத் துணியிலிருந்து ஓர் அடிக்கு மேல் தள்ளி வைக்கச் சொல்ல வேண்டும். ஒட்டுப்போட்ட மின்கம்பி திரையைத் தொடவே கூடாது. படப்பிடிப்பில் ஆள் திரையிலிருந்து ஐந்து, ஆறு அடி தள்ளி நின்றால் அவர் நிழல் திரையில் விழாது, திரையின் நிறமும் கன்னத்தில் எதிரொளிக்காது.

இறக்கும்போது மடிக்காமல், நான்கு அங்குலப் பி.வி.சி. குழாயில் தீட்டிய பக்கம் வெளியே வருமாறு சுருட்டுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் பூச்சு நெருக்குண்டு மடிப்பு மடிப்பாக வெடிக்கும். மேலே பழைய வேட்டியைச் சுற்றி, நுனியில் அளவையும் அடிவானக் கோட்டின் உயரத்தையும் கலந்த நிறங்களின் எண்களையும் எழுதி, தரையில் படாமல் படுக்கவைக்க வேண்டும். மூடி வைத்த மிச்ச வண்ணத்தையும் அதே எண்ணிட்டுப் பக்கத்தில் வையுங்கள்; அடுத்த ஆடிக்குக் கடைக்காரர் அதே மலையைக் கேட்டு வரும்போது, ஆணி கிழித்த மூலையை ஒட்டிப் பூச அதுதான் கைகொடுக்கும்.